வான்விளக்கும் வினைப்பொறுப்பும்

ஒருவன் நல்லெண்ணத்துடன் ஒரு செயலைச் செய்கின்றான். அச்செயல் அவன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வேறோர் உயிர்க்குத் தீங்காய் முடிகின்றது. அத்தீங்கிற்கு அவன் பொறுப்பாளனா, அல்லனா? இவ்வினா பழமையானது, அறநூல் வல்லார் பலரும் ஆராய்ந்தது. எனினும், ஏட்டில் படிக்கும்போது எளிதாய்த் தோன்றும் வினா, நம் கையால் நாமே செய்த செயலைப் பற்றியதாய் வந்து நிற்கும்போது அத்துணை எளிதாய் இருப்பதில்லை. அலுவலின் பொருட்டுச் சில ஆண்டுகள் தைவான் தீவில் வாழ்ந்த காலத்தில், சீனர்களின் விளக்குத் திருவிழா ஒன்றிற்கு யாம் சென்றிருந்தோம். அவ்விழாவில் இவ்வினா எம்மை வந்து பற்றியது. அங்கு யாம் கண்டதையும் பின்னர் எண்ணியதையும் அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீனர்களின் மரபாண்டு அமாவாசை நாளில் பிறப்பது. அவ்வாண்டின் முதல் முழுநிலா இரவே விளக்குத் திருவிழா. நம் கணக்கில் அது தைத் திங்களிலோ மாசித் திங்களிலோ வரும் பௌர்ணமியாகும். புத்தாண்டுக் கொண்டாட்டம் அன்றோடு நிறைவெய்தும். யுவான்சியாவ் என்பது அவ்விரவின் பெயர். அன்று உண்ணும் பண்டத்திற்கும் அப்பெயரே வழங்குகின்றது. ஒட்டும் தன்மையுள்ள அரிசிமாவை உருட்டி, எள்ளும் சர்க்கரையும் கலந்த பூரணத்தை உள்ளே வைத்து, கொதிநீரில் வேகவைத்து, இனிப்புச் சாற்றுடன் கிண்ணத்தில் இட்டுத் தருவர். நம் வீட்டுக் கொழுக்கட்டையை நினைவூட்டும் அப்பண்டத்தின் உருண்டை வடிவம், குடும்பத்தார் பிரியாது கூடியிருத்தலைக் குறிக்கும் என்பர். தெருக்களில் தாள் விளக்குகள் தொங்கும். சில விளக்குகளில் விடுகதைகளை எழுதி வைப்பர். சிறுவரும் முதியவரும் நின்று விடை தேடுவர்.

இவ்விழாவின் தோற்றத்தைப் பழைய சீன வழிபாடுகளோடு இணைத்துக் கூறுவாரும், தாவ் நெறியின் தெய்வத்தோடு இணைத்துக் கூறுவாரும் உளர். பௌத்த மரபு கூறுவது வேறு. கி.பி. 57 முதல் 75 வரை சீனத்தை ஆண்ட ஹான் குலத்து மிங் பேரரசர், பாரத நாட்டுப் பிக்குகள் இந்நாளில் விளக்கேற்றிப் புத்த தாதுவை வணங்குவர் எனக் கேள்வியுற்று, தம் அரண்மனையிலும் கோயில்களிலும் அவ்வாறே விளக்கேற்ற ஆணையிட்டார் என்பது அம்மரபு. இதனை வரலாற்றால் நிறுவுதல் அரிது. ஆயினும், மக்கள் உள்ளத்தில் அந்நினைவு இன்னும் வாழ்கின்றது. எம்முடன் பணியாற்றிய சீன அன்பர் ஒருவர், “புத்தர் அறம் உரைத்த நாட்டிலிருந்து வந்தவர் நீங்கள்; எங்கள் விளக்கு விழாவிற்கு அவசியம் வரவேண்டும்” என்று அழைத்தது அந்நினைவினாலேயே.

நம்மவருள் சிலர்க்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். பழைய சடங்குகளைக் கைவிட்டு மும்மணிகளைச் சரணடைந்த நாம், பிற மக்களின் சடங்கில் கலந்துகொள்ளுதல் தகுமோ என்பது அது. யாமும் அவ்வாறு ஐயுற்றவரே. ஆனால், விருந்தினராய்ச் சென்று பிறர் மகிழ்ச்சி கண்டு மகிழ்தல் முதிதை என்னும் நற்குணத்தின் பாற்பட்டது. அதனால் சரணம் எதுவும் குலைவதில்லை. இவ்வாறு எண்ணித் தெளிந்து புறப்பட்டோம். எம்மைப் பின்னர் வருத்தியது யாம் எதிர்பாராத வேறொன்று.

யாம் சென்ற ஊர் தைபே நகருக்குக் கிழக்கே மலைகளிடையே அமைந்த பிங்சி. மழை மிகுந்த மலைநாடு அது. முன்னாளில் அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. கரியை ஏற்றிச் செல்வதற்கென 1921ஆம் ஆண்டில் அமைத்த இருப்புப்பாதையில் இன்று மக்களை ஏற்றிச் செல்லும் சிறு ரயில்வண்டி ஓடுகின்றது. சுரங்கங்கள் மூடப்பட்டன, ஊர் இப்போது வான்விளக்கால் பிழைக்கின்றது. வான்விளக்கு என்பது மெல்லிய தாளால் செய்த பெரிய பை போன்றது. அதன் வாயில் மூங்கில் வளையம் இருக்கும். வளையத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் எண்ணெய் தோய்த்த தாட்கற்றையை வைத்துக் கொளுத்துவர். உள்ளே உள்ள காற்று சூடேறி இலேசாகி, விளக்கை மேலே தூக்கிச் செல்லும்.

இவ்வழக்கம் அவ்வூரில் எவ்வாறு தோன்றியது என்பதற்கு ஊரார் ஒரு செய்தி கூறுகின்றனர். சீனப் பெருநிலத்தின் பூஜியான் பகுதியிலிருந்து வந்து குடியேறிய மக்கள், கொள்ளையர்க்கு அஞ்சி மலைமேல் ஒளிந்து வாழ நேர்ந்ததாம். கொள்ளையர் அகன்ற பின்னர், ஊரைக் காவல் காத்து நின்றோர் விளக்கை வானில் விடுவராம். அதனைக் கண்டு, மலைமேல் இருந்த பெண்டிரும் முதியோரும் குழந்தைகளும் அச்சம் நீங்கி வீடு திரும்புவராம். அவ்வாறு அவர்கள் திரும்பிய நாள் ஆண்டின் முதல் முழுநிலா நாள் என்பர். அன்று அவ்விளக்கு பிறர்க்கு விடுத்த செய்தி. நம் உற்றார்க்கு இனி அச்சமில்லை என அறிவித்த ஒளி. இன்றோ விடுவோர் தம் விருப்பங்களை அதன்மேல் எழுதி விடுகின்றனர்.

எம் அன்பரும் அவர் துணைவியாரும் மகளும் யாமுமாக நால்வர் ஒரு விளக்கின் நான்கு மூலைகளைப் பிடித்து நின்றோம். விளக்கிற்கு நான்கு முகங்கள். அன்பர் தம் தாயாரின் உடல்நலம் வேண்டி ஒரு முகத்தில் எழுதினார். துணைவியார் வீட்டின் அமைதியை வேண்டினார். சிறுமி தன் தேர்வைப் பற்றி எழுதினாள். நான்காம் முகத்தை எமக்கென விட்டுத் தூரிகையைக் கையில் தந்தனர். யாம் தயங்கினோம். வரம் கொடுப்பார் ஒருவர் வானில் உளர் என யாம் நம்புவதில்லை. பின் யாரிடம் கேட்பது? எம் தயக்கத்தை உணர்ந்த அன்பர், “கேட்பதாக எண்ணவேண்டா, நினைப்பதாக எண்ணி எழுதுங்கள்” என்றார். அது நல்ல விடையாகவே பட்டது. எல்லா உயிர்களும் நலம் பெறுக எனத் தமிழில் எழுதினோம். நெருப்பு வைக்கப்பட்டது. தாள் விரிந்து புடைத்தது. கையை விட்டதும் விளக்கு மெல்ல எழுந்து, நூற்றுக்கணக்கான மற்ற விளக்குகளோடு கலந்து, மலைமுகட்டிற்கு மேலே சென்று மறைந்தது. அக்காட்சியின் அழகை மறுப்பதற்கில்லை. கூடியிருந்தோர் அனைவரும் ஒருசேர அண்ணாந்து நின்றனர். மொழியறியாத எமக்கும் அவர்க்கும் இடையே அந்நேரத்தில் வேற்றுமை இருந்ததாகத் தோன்றவில்லை.

அன்றிரவு அன்பரின் உறவினர் இல்லத்தில் தங்கினோம். மறுநாள் விடியலில் அவ்வீட்டுப் பெரியவர் நீண்ட மூங்கிற் கழியும் சாக்கும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். எங்கே செல்கின்றார் என வினவி, யாமும் உடன் நடந்தோம். வீட்டின் பின்னே ஏறிய மலைச்சரிவில், இரவில் யாம் அண்ணாந்து பார்த்த விளக்குகள் கிடந்தன. மரக்கிளைகளில் கிழிந்து தொங்கின. ஓடையில் நனைந்து கிடந்தன. பெரியவரின் கீரைப் பாத்தியிலும் இரண்டு விழுந்திருந்தன. மை கரைந்த தாள்களில் எழுத்துகள் இன்னும் தெரிந்தன. ஒன்றை எடுத்துப் பெரியவர் படித்தார். நோயுற்ற குழந்தை ஒன்று குணமடைய வேண்டுமென யாரோ எழுதியிருந்தனர். அதனையும் மடித்துச் சாக்கில் இட்டார். சற்று அப்பால், புதரொன்றில் கிடந்த வளையத்தின் கம்பியில் கால் சிக்கிச் சிறு பறவை ஒன்று இறந்து கிடந்தது.

அப்போது யாம் செய்ததைச் சொல்ல நாணுகின்றோம். ஆயினும் அதைச் சொல்லாவிடின் இக்கட்டுரையை எழுதுவதில் பொருளில்லை. குனிந்து, அவ்வளையத்தில் ஒட்டியிருந்த தாளைப் புரட்டி, அதில் தமிழெழுத்து உண்டா என்று பார்த்தோம். இல்லை. அது எம் விளக்கு அன்று எனக் கண்டதும் நெஞ்சம் ஆறுதல் அடைந்தது. அடுத்த கணமே அவ்வாறுதல் எம்மைச் சுட்டது. பறவை இறந்தது இறந்ததே. எம் விளக்கும் இம்மலையில் எங்கேயோ ஒரு புதரிலோ மரத்திலோதான் கிடக்கின்றது. எல்லா உயிர்களும் நலம் பெறுக என்று எழுதிய தாள், எந்த உயிரின் காலில் எப்போது சுற்றுமோ யாரறிவார்?

“இவற்றைக் காணும்போது உங்களுக்குச் சினம் வருவதில்லையா?” எனப் பெரியவரைக் கேட்டோம். அவர் நகைத்தார். “சுரங்கம் மூடிய பின் இவ்வூர்ப் பிள்ளைகள் சோறுண்பது இந்த விளக்கினால்தான். என் பேத்தியும் கடை வைத்து இதைத்தான் விற்கின்றாள். விடுகின்றவர்க்கு வானம் தெரிகின்றது. எங்களுக்கு மரம் தெரிகின்றது. அவ்வளவுதான்” என்றார். சாக்கு நிறைந்ததும் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்.

ஊர் திரும்பிய பின்னர், தம்மம் இதற்கு என்ன விடை தருகின்றது என ஆராயத் தொடங்கினோம். வினை என்பது எண்ணமே என்பது பகவர் அருளிய தெளிவு. சக்குபால தேரரின் வரலாறு இதற்குச் சான்று. தவமுயற்சியில் கண்ணொளி இழந்த அவ்வருகதர், மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவின் பின்பொழுதில் உலாவிக்கொண்டிருந்தார். மண்ணிலிருந்து வெளிவந்த தம்பலப் பூச்சிகள் பல அவர் காலடியில் பட்டு மாண்டன. காலையில் அதனைக் கண்ட பிக்குகள் பகவரிடம் முறையிட்டனர். அவர் கொல்வதை நீங்கள் கண்டீர்களா எனப் பகவர் வினவினார். காணவில்லை என்றனர். நீங்கள் அவரைக் காணாதவாறே அவரும் அப்பூச்சிகளைக் கண்டிலர். கொல்லும் எண்ணம் அவரிடம் இல்லை. ஆதலின் கொலைக்குற்றமும் இல்லை எனப் பகவர் தெளிவித்தார்.

இவ்வரலாற்றைப் படித்தபோது, எமக்கும் விடுதலை கிடைத்துவிட்டது எனச் சிறிது நேரம் மகிழ்ந்தோம். யாமும் பறவையைக் கண்டோமில்லை, கொல்லவும் எண்ணவில்லை. ஆனால் அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. என்னை? அதே பகவரின் வாழ்க்கையில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. தொடக்க நாளில் பிக்குகள் மழைக்காலத்திலும் ஊர் ஊராய்ச் சென்று வந்தனர். பசும்புல்லை மிதித்துச் சிற்றுயிர்களை நசுக்கி இவர்கள் அலைகின்றனரே, பறவைகள்கூட மழைக்காலத்தில் கூட்டில் அடங்குகின்றனவே என மக்கள் குறை கூறினர். அக்குறை பகவர் செவிக்கு எட்டியது. கொல்லும் எண்ணம் என் சீடர்க்கு இல்லை என அவர் மறுமொழி கூறி அமையவில்லை. மழைக்காலத்தில் மூன்று திங்கள் ஓரிடத்தே தங்குமாறு விதி வகுத்தார். இன்றளவும் சங்கம் காத்துவரும் மழைக்காலத் தங்கல் அவ்வாறு பிறந்ததே.

இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். கண்ணற்ற தேரர்க்குக் குற்றமில்லை என்றவரும், கண்ணுள்ள பிக்குகளுக்கு விதி வகுத்தவரும் ஒருவரே. காண இயலாதவன் செய்தது ஒன்று. காண இயன்றும் காண முயலாதவன் செய்தது மற்றொன்று. முன்னதில் குற்றமில்லை. பின்னதில் கொல்லும் எண்ணம் இல்லையெனினும், மனத்தின் சோர்வு இருக்கின்றது. சோர்வும் ஓர் எண்ணமே. சோர்வின்மையைப் பகவர் தம் இறுதி அறிவுரையிலும் வற்புறுத்தினார் என்பதை நாம் அறிவோம். மேலே எழுந்த பொருள் கீழே விழும் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். யாம் தூரிகையைக் கையில் வாங்கியபோது, யாரிடம் கேட்பது என எண்ணித் தயங்கினோமேயன்றி, இது எங்கே விழும் என்று ஒரு கணமும் எண்ணவில்லை. கொள்கை பிழையாமல் காத்துக்கொள்வதில் இருந்த கருத்து, உயிர்கள் வருந்தாமல் காப்பதில் இல்லாது போயிற்று. தம்மத்தைப் புதிதாய் ஏற்ற நம் போன்றோர்க்கு இது பெரும் எச்சரிக்கை எனக் கருதுகின்றோம்.

இராகுலர்க்குப் பகவர் கூறிய அறிவுரை இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு செயலையும் மூன்று காலங்களில் நோக்க வேண்டும் என்றார்: செய்வதற்கு முன்னர், செய்யும்போது, செய்து முடித்த பின்னர். முடித்த பின்னரும் நோக்கச் சொன்னது ஏன்? முன்னர் நோக்கத் தவறியவனுக்கும் திருந்துவதற்கு வழி உண்டு என்பதனாலன்றோ? தன்னால் தீங்கு விளைந்தது எனக் கண்டால், அறிந்தோரிடம் அதனை வெளிப்படுத்தி, மேலும் அவ்வாறு செய்யாமல் காத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவ்வறிவுரையின் பகுதியே.

2020ஆம் ஆண்டு பிறந்த நள்ளிரவில் ஜெர்மனி நாட்டுக் கிரேபெல்ட் நகரில் நடந்தது இதற்கு இக்காலச் சான்று. ஒரு தாயும் வளர்ந்த மகளிர் இருவரும் புத்தாண்டு வாழ்த்தாக வான்விளக்குகளை விடுத்தனர். அவற்றுள் ஒன்று விலங்குக் காட்சிச் சாலையில் வாலில்லாக் குரங்குகள் வாழ்ந்த கட்டடத்தின்மேல் வீழ்ந்து தீப்பற்றியது. ஒராங்குட்டான், கொரில்லா முதலிய முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. சிம்பன்சிகள் இரண்டு உயிர் தப்பின. அம்மாநிலத்தில் வான்விளக்கு 2009ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டிருந்தது. செய்தி பரவியதும் அம்மூவரும் தாமே காவல் நிலையம் சென்று, விளக்கை விட்டவர் யாமே என உரைத்தனர். அவர்கள் தீயவர் அல்லர். புத்தாண்டு நலமாய்ப் பிறக்க விழைந்தவர்களே. ஆயினும், தம் எண்ணம் நல்லதென்பதைக் காட்டி அவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை. புதரில் கிடந்த தாளைப் புரட்டிப் பார்த்து ஆறுதல் கொண்ட யாம், அம்மூவரை எண்ணித் தலை குனிகின்றோம்.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். நடந்தால் எறும்பு சாகும். உழுதால் புழு சாகும். அவ்வாறாயின் கைகட்டி இருப்பதோ அறம் என வினவுவர். விளக்கு விற்றுப் பிழைக்கும் ஏழை ஊரின் வயிற்றில் அடிப்பதோ கருணை எனவும் வினவுவர். இவ்விரு வினாக்களும் நேர்மையானவை. பிங்சி ஊரார்க்கு வேறு பிழைப்பைத் தர இயலாத யாம் அவர் விளக்கைப் பழித்தல் தகாது. அவர்களுள்ளும் வீழ்ந்த விளக்கைப் பொறுக்குவோர் உளர். எரிந்து முழுதும் சாம்பலாகும் விளக்கைச் செய்ய முயல்வோரும் உளர். மழைக்கால விதியும் நடப்பதைத் தடுத்த விதியன்று. எப்போது நடப்பது, எப்போது தங்குவது எனக் காட்டிய விதி. செயலை நிறுத்துக என அறம் கூறவில்லை. செயலின் முடிவுவரை உடன் செல்க எனக் கூறுகின்றது. நடந்தே தீரவேண்டியவன் கீழே பார்த்து நடக்கலாம். விளக்கேற்றியே தீரவேண்டியவன் தன் கைக்கு எட்டும் இடத்தில் ஏற்றலாம்.

சீனப் பௌத்தர்கள் விரும்பிக் கூறும் கதை ஒன்றுண்டு. அரசனும் செல்வரும் எண்ணற்ற விளக்குகளைப் பகவர்க்கு ஏற்றிய இரவில், இரந்துண்ட ஏழைப்பெண் ஒருத்தி தனக்குக் கிடைத்த சிறு காசுக்கு எண்ணெய் வாங்கி ஒரே ஒரு விளக்கு ஏற்றினாள். விடியலில் மற்றவை அவிந்தன, அவளுடையது அவியவில்லை. அவளுடைய நம்பிக்கையின் பெருமையைக் கூறவே இக்கதையைச் சொல்வர். எமக்கு அதில் வேறொன்றும் புலப்படுகின்றது. அவள் விளக்கு, ஏற்றிய இடத்திலேயே நின்றது. பிறர் பொறுக்க வேண்டியதாய் எதனையும் அது விட்டுச் செல்லவில்லை.

அன்பர்களே, இது சீனர்க்கு மட்டும் உரிய செய்தி எனக் கருதற்க. புண்ணியம் கருதிக் கூண்டுப் பறவையை விலைக்கு வாங்கி விடுவிக்கும் பௌத்தர் பல நாடுகளில் உளர்; அவ்வாறு விடுவிப்பதற்கென்றே காட்டுப் பறவைகள் பிடிக்கப்படுகின்றன. நம் வைசாகப் பௌர்ணமி நாளில் நாமும் தோரணம் கட்டுகின்றோம்; ஊர்வலம் செல்கின்றோம்; தொன்னையில் பாற்சோறு வழங்குகின்றோம். மறுநாள் விடியலில் அத்தாளையும் தொன்னையையும் யார் பெருக்குகின்றனர்? இவ்வினாவிற்கு விடை பிறரைவிட நாம் நன்கு அறிவோம். தலைமுறை தலைமுறையாகப் பிறர் விழாவின் குப்பையை வாரிய கைகள் நம் தாய் தந்தையரின் கைகளல்லவோ? அவ்விழிவினின்று விடுபடத் தம்மத்தைச் சரணடைந்த நாம், நம் விழாவின் குப்பையை மற்றொரு தாயின் கையில் விடுதல் முறையாகுமோ? ஏற்றுவோர் ஒருவர், பொறுக்குவோர் மற்றொருவர் என்னும் பிரிவினை நம் நாட்டில் நெடுங்காலம் அறமென்று வழங்கியது. நம் விழாவில் அதற்கு இடமிருத்தல் ஆகாது.

அடுத்த ஆண்டும் அதே இரவில் பிங்சிக்குச் சென்றோம். வான்விளக்கு விடவில்லை. அன்பரின் மகள் தந்த தாள் கைவிளக்கை ஏந்தித் தெருவில் நடந்தோம், அரிசியுருண்டை உண்டோம், விடுகதைகளுக்கு விடை தெரியாமல் விழித்தோம். எம் மகிழ்ச்சியில் குறையொன்றும் இல்லை. விடியலில் பெரியவர் எமக்கென இன்னொரு கழியும் சாக்கும் எடுத்து வைத்திருந்தார். அன்று இருவருமாய் நாற்பதுக்கும் மேற்பட்ட விளக்குகளைப் பொறுக்கினோம். யாருடையது எது என்று பார்க்கவில்லை. எம்முடைய பழைய விளக்கு அவற்றுள் இருந்ததோ இல்லையோ அறியோம்.

எல்லா உயிர்களும் நலம் பெறுக.